மணவாழ்விற்குத் தவணையிட்ட வரலாறு

கணவன் ஒரு தேசத்துப் பிரஜை. மனைவி மற்றொரு தேசத்துப் பிரஜை. இருவரும் மனமொத்து மணந்து கொண்டனர். பதிவாளர் முன்னிலையில் கையொப்பமும் இட்டனர். ஆயினும், கணவன் வாழும் நாட்டில் மனைவி எத்தனை நாள் தங்கலாம் என்பதை அவ்விருவரும் தீர்மானித்துவிட இயலாது. அதனைத் தீர்மானிப்பவன் எல்லையிலே கண்ணாடிக் கூண்டிற்குள் அமர்ந்திருக்கும் உத்தியோகஸ்தன். அவன் பாஸ்போர்ட்டைப் புரட்டுகிறான், முத்திரைகளைப் பார்க்கிறான், 90 நாள் என்கிறான். விவாகத்திற்கும் தவணையுண்டோ என்று நேயர்கள் வியக்கலாம். உண்டு. அத்தவணை எங்ஙனம் பிறந்தது, யார் யார் அதனை எதிர்த்து நியாயஸ்தலம் ஏறினர், எவ்விடத்தில் அது தளர்ந்தது, எவ்விடத்தில் இன்னும் இறுகியிருக்கிறது என்பவற்றை ஐரோப்பாக் கண்டத்தின் சரித்திரத்திலிருந்து ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஐரோப்பாவின் கதை நமக்கெதற்கு என்று கேட்போரும் இருக்கலாம். மேற்படிப்பிற்கென்று மகனையோ மகளையோ அனுப்பிவிட்டு, ஓராண்டு கழிந்தபின் ‘இங்கேயே ஒருவரை மணக்க எண்ணியிருக்கிறேன்’ என்று செய்தி வரப்பெற்ற பெற்றோர் தோட்டத்திலும் உளர், பட்டினத்திலும் உளர். ‘வெள்ளைக்காரனை மணந்தால் மறுநாளே குடியுரிமை’ என்று காப்பிக் கடையில் பேசித் திரிவோரும் உளர். அப்பேச்சு முற்றிலும் பொய் என்பதை இவ்வரலாறு காட்டும். அன்றியும், இவ்வுரிமைகளுள் தலையாயதொன்றை ஐரோப்பியருக்குப் பெற்றுத்தந்த வழக்கு ஓர் இந்தியனுடைய பெயரால் வழங்குகிறது என்பதை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்?

முற்காலத்தில் இச்சிக்கல் எழவேயில்லை. எழாமைக்குக் காரணம் சட்டத்தின் கருணையன்று. பெண்ணுக்கெனத் தனித்த நாடே இல்லாதிருந்தமைதான். நெப்போலியன் காலத்தில், 1804-ம் ஆண்டில் வெளிவந்த பிரெஞ்சு சிவில் சட்டம், பிரெஞ்சுக்காரனை மணக்கும் அயல்நாட்டுப் பெண் பிரெஞ்சுப் பிரஜையாவாள் என்றும், அயலானை மணக்கும் பிரெஞ்சுப் பெண் தன் கணவனுடைய நிலையையே அடைவாள் என்றும் விதித்தது. பிரிட்டன் 1870-ம் ஆண்டுச் சட்டத்தினால் அதே வழியைப் பின்பற்றியது. அயல்நாட்டானுக்கு மாலையிட்ட ஆங்கிலப் பெண் அந்தக் கணமே ஆங்கிலப் பிரஜை என்னும் நிலையை இழந்தாள். மனைவி கணவனுடைய பெட்டி படுக்கையோடு ஒன்றாக எண்ணப்பட்டாள் என்று சொன்னால் மிகையாகாது. பெட்டிக்கு ஏது தனிச் சீட்டு?

இதன் கொடுமை 1914-ம் ஆண்டில் யுத்தம் மூண்டபோது வெளிப்பட்டது. இங்கிலாந்திலேயே பிறந்து, ஆங்கிலமன்றி வேறு மொழி அறியாத பெண்கள், ஜெர்மானியனை மணந்த ஒரே காரணத்தால் பகைநாட்டார் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். போலீசில் பெயர் பதிய வேண்டியவராயினர். மாதர் சங்கங்கள் பல ஆண்டுகள் இதனை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தன. பிரான்சு 1927-ம் ஆண்டிலும், பிரிட்டன் 1948-ம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக 1949 ஜனவரி முதல் தேதியிலிருந்தும், மணத்தால் பெண்ணின் குடியுரிமை தானே அழியாது என்று ஒப்புக்கொண்டன. பெண்ணுக்கு அவளுடைய நாடு திரும்பக் கிடைத்தது. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள்: ஒரே வீட்டில் இரண்டு பாஸ்போர்ட்டு என்னும் நிலை அன்றுதான் பெருவழக்காயிற்று. யுத்தத்திற்குமுன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட்டு இல்லாமலே பிரயாணம் செய்யலாம். யுத்தகாலத்துக் காவலாக வந்த பாஸ்போர்ட்டும் விசாவும் யுத்தம் முடிந்தபின்னரும் போகவில்லை. ஆகவே, பெண் தனிப்பிரஜையாக நிமிர்ந்த அதே காலத்தில், அவள் தனி விசாவும் கேட்டு நிற்க வேண்டியவளானாள்.

இனி நிலக்கரிக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்தபின் பெல்ஜியத்துச் சுரங்கங்களுக்கு ஆள் இல்லை. இத்தாலியிலோ வேலை இல்லை. 1946-ம் ஆண்டில் இரு சர்க்கார்களும் ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டன: இத்தாலி 50,000 ஆட்களை அனுப்பும்; பெல்ஜியம் கரி கொடுக்கும். மனிதனைக் கொடுத்துக் கரியை வாங்கும் இத்தகைய வாணிபத்தின் சுவையை, கப்பலேறி வந்த கூலிகளின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. 1956 ஆகஸ்டு 8-ம் தேதி மார்சினெல் என்னும் ஊரில் சுரங்கத்தில் தீப்பற்றி 262 பேர் மாண்டனர். அவருள் 136 பேர் இத்தாலியர். அடுத்த ஆண்டு, 1957 மார்ச்சு 25-ம் தேதி, பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லுக்ஸம்பர்க் ஆகிய ஆறு தேசங்களும் ரோமாபுரியில் கூடி உடன்படிக்கை செய்தபோது, தொழிலாளர் ஒரு நாட்டினின்று மற்றொரு நாட்டிற்குத் தடையின்றிப் போகலாம் என்பதும் அதில் இடம் பெற்றது.

தொழிலாளி போகலாம்; அவன் குடும்பம்? 1968 அக்டோபரில் பிறந்த 1612-ம் எண் விதி அக்கேள்விக்கு விடை தந்தது. சுதந்தரமும் கவுரவமும் கெடாமல் தொழிலாளி இடம்பெயர வேண்டுமாயின், குடும்பம் அவனைச் சேர்வதற்குள்ள தடைகள் நீங்க வேண்டும் என்று அதன் முகவுரை கூறிற்று. மனைவி அல்லது கணவனும், 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும், அவர்கள் எந்நாட்டுப் பிரஜையாயினும் சரி, தொழிலாளியுடன் குடியிருக்கலாம்; வேலையும் செய்யலாம். ‘எந்நாட்டுப் பிரஜையாயினும் சரி’ என்னும் அச்சிறு தொடரை எழுதியவர்கள், இத்தாலியச் சுரங்கத் தொழிலாளியின் இத்தாலிய மனைவியையே பெரும்பாலும் மனத்தில் கொண்டிருந்திருப்பர் என்பது நம் ஊகம். பிற்காலத்தில் செனகால், பிலிப்பைன்ஸ், இந்தியா, காமரூன் முதலிய தேசத்தாரெல்லாம் அத்தொடர் திறந்த வாயிலினுள்ளேதான் நுழைந்தனர்.

ஒரு செனகால் நாட்டுப் பெண், பெர்லினில் வேலை செய்துவந்த பிரெஞ்சுக்காரன் ஒருவனை மணந்தாள். பின்னர் மனம் ஒவ்வாது தனியறை எடுத்துக் குடியிருந்தாள். ‘கணவனோடு ஒரே கூரையின் கீழ் இல்லை, ஆதலால் தங்கும் அனுமதியும் இல்லை’ என்றது பெர்லின் நிர்வாகம். லுக்ஸம்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1985 பிப்ரவரியில் அதனை மறுத்தது. விவாகம் சட்டப்படி முறியும்வரை அவள் மனைவியே. ஒரே கூரை என்று விதியில் எழுதப்படவில்லை என்றது. அடித்தாலும் உதைத்தாலும் விசாவுக்காக அவன் வீட்டிலேயே கிடக்க வேண்டும் என்று சட்டம் ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லலாகாது என்பதே இதன் பயன் என நாம் கருதுகிறோம்.

ஆயினும் இவ்வாயிலுக்கு ஒரு விசித்திரமான பூட்டு இருந்தது. சொந்த நாட்டைவிட்டு வேறொரு கூட்டு நாட்டிற்குப் போனவனுக்கே இவ்வுரிமை. ஊரிலேயே இருப்பவனுக்கு இல்லை. 1982-ம் ஆண்டில் ஹாலந்துப் பிரஜைகளாகிய பிள்ளைகள் இருவர், சூரினாம் தேசத்திலிருந்த தம் அன்னையரைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள முயன்றபோது, ‘நீங்கள் ஹாலந்தைவிட்டு எங்கும் போகவில்லையே, ஆதலால் ஐரோப்பியச் சட்டம் உங்களுக்குப் பேசாது, உள்நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக் கொள்ளுங்கள்’ என்று நீதிமன்றம் கையை விரித்தது. பாரிஸில் வேலை செய்யும் ஜெர்மானியன் தன் அயல்நாட்டு மனைவியை எளிதில் அழைத்துக்கொள்வான். அதே பாரிஸில் பிறந்து வளர்ந்த பிரெஞ்சுக்காரன் தன் மனைவிக்காக வேறு வரிசையில் நிற்க வேண்டும். சொந்த வீட்டில் பிள்ளைக்குக் கஞ்சி; விருந்தாளிக்கு விருந்து!

உள்நாட்டுச் சட்டம் எத்துணைக் கடுமையாயிருக்கும் என்பதை அறியப் பிரிட்டனைக் காண வேண்டும். அங்கே குடியேறிய ஆண்மகன் தன் மனைவியை அழைத்துக்கொள்வது இயல்பு எனக் கொள்ளப்பட்டது. பெண் தன் கணவனை அழைத்தால் மட்டும் ஐயம் பிறந்தது. 1969 ஜனவரியில் காமன்வெல்த்துக் கணவன்மாரின் வருகைக்குத் தடை விதித்தனர். 1974-ல் தடையை நீக்கினர். 1980-ல் மீண்டும் இறுக்கினர். ‘பிரிட்டனுக்குள் நுழைவது இவ்விவாகத்தின் முதன்மை நோக்கமன்று’ என்று கணவனே மெய்ப்பிக்க வேண்டும் என்னும் விதியும் புகுந்தது. இல்லாத ஒன்றை இல்லையென்று மெய்ப்பிப்பது எங்ஙனம்? இந்தியா, பாகிஸ்தான், வங்காள தேசத்து மாப்பிள்ளைகளே இவ்வலையில் மிகுதியாகச் சிக்கினர். அவ்விதி 1997 ஜூனில்தான் ஒழிந்தது.

பெண்களையும் அவமதிப்பு விடவில்லை. 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், தனக்கு நிச்சயித்த மாப்பிள்ளையை மணக்க வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவரை, அவர் உண்மையில் கன்னிதானா என்று வைத்தியனைக் கொண்டு சோதித்தனர். காரணம் யாது? மூன்று மாதத்திற்குள் மணம் செய்துகொள்ள வரும் பெண்ணுக்கு அக்காலத்தில் விசா தேவையில்லை. மணமான மனைவிக்கோ முன்கூட்டிய அனுமதி தேவை. ஆகவே, வந்தவர் ‘மணப்பெண்ணா, மனைவியா’ என்று அறிவதற்காம் இச்சோதனை! பத்திரிகைகளில் செய்தி வெளியானதும் இந்திய சர்க்கார் கண்டனம் தெரிவித்தது, அச்சோதனையும் நிறுத்தப்பட்டது. விசா விதியின் ஒரு சிறு வேறுபாடு ஒரு பெண்ணின் மானத்தின்மேல் கைவைக்கும் அளவிற்குப் போயிற்று என்பதை வாசகர் கவனிக்க.

மூன்று பெண்கள் இதற்கு எதிராக நியாயம் கேட்டனர். ஒருவர் மலாவி நாட்டில் பிறந்த இந்திய வமிசத்தவராகிய திருமதி அப்துல்அஜீஸ். மற்றொருவர் பிலிப்பைன்ஸினின்று வந்த திருமதி கபாலெஸ். மூன்றாமவர் எகிப்தில் பிறந்த திருமதி பால்கந்தலி. மூவரும் பிரிட்டனில் சட்டப்படி நிலைத்து வாழ்ந்தவர். மூவருடைய கணவன்மாருக்கும் தங்கும் அனுமதி மறுக்கப்பட்டது. ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள மனித உரிமை நீதிமன்றம் 1985 மே 28-ம் தேதி தீர்ப்பளித்தது. (இது முன்கூறிய லுக்ஸம்பர்க் நீதிமன்றத்தினின்று வேறானது, இரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் பலர்.) தம்பதிகள் எந்நாட்டில் வாழ விரும்புகின்றனரோ அந்நாட்டில் அவரை ஏற்றே தீரவேண்டும் என்னும் பொதுக்கடமை சர்க்காருக்கு இல்லை என்று அது கூறிற்று. ஆனால் ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்று வைத்தது தவறு என முடிவு செய்தது. ஆண்கள் வந்தால் வேலைகளைப் பிடித்துக் கொள்வர் என்று பிரிட்டிஷ் சர்க்கார் சொன்ன சமாதானம் எடுபடவில்லை.

வெற்றிதான்! பின்பு சர்க்கார் செய்ததென்ன? அதே ஆண்டு ஆகஸ்டில் விதிகளைத் திருத்திற்று. எவ்வாறெனின், கணவன்மாருக்கிருந்த கடுஞ்சோதனைகளை மனைவியருக்கும் விதித்து! ஒருவன் காலில் விலங்கிருப்பது அநீதி என்றால், மற்றவன் காலிலும் விலங்கைப் பூட்டிச் சமத்துவம் செய்வதற்கு இது ஒப்பாகும். உரிமையை மேலேற்றிச் சமன் செய்வதும் உண்டு, கீழிறக்கிச் சமன் செய்வதும் உண்டு என்பதைச் சீர்திருத்தம் பேசும் நாம் மறக்கலாகாது.

இத்தகைய காலத்தில்தான் சுரீந்தர் சிங் வழக்கு எழுந்தது. சுரீந்தர் சிங் இந்தியப் பிரஜை. 1982 அக்டோபரில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பிரிட்டிஷ் பிரஜையான பெண்ணொருத்தியை மணந்தார். 1983 முதல் 1985 வரை இருவரும் ஜெர்மனியில் வேலை செய்தனர். பின்பு, சொந்தமாக ஒரு வியாபாரம் தொடங்கலாம் என்றெண்ணிப் பிரிட்டனுக்குத் திரும்பினர். மனைவியின் நாடுதான், ஆயினும் கணவருக்கு வரையறுத்த காலத் தங்கலே கிடைத்தது. சிறிது காலத்தில் இல்லறத்தில் பிணக்கு உண்டாகி விவாகரத்து வழக்கு நடந்தது. சர்க்கார் அவருடைய தவணையைக் குறுக்கிற்று. நிரந்தரமாகத் தங்க அனுமதி மறுத்தது. 1988 டிசம்பரில் நாடு கடத்த உத்தரவிட்டது.

அவர் தரப்பு வாதம் மிக எளிது. ஜெர்மனியில் இருந்தவரை அவர் ஐரோப்பியச் சட்டத்தின் நிழலில் உரிமையோடு தங்கினார். மனைவி தன் சொந்த நாட்டிற்குத் திரும்பிய ஒரே காரணத்தால் அந்நிழல் விலகிவிடுமா? சர்க்கார் தரப்போ, அப்பெண் தன் நாட்டிற்குத் திரும்பியது தன் நாட்டுச் சட்டத்தின்படியேயன்றி ஐரோப்பியச் சட்டத்தின்படியன்று என்றது. 1992 ஜூலை 7-ம் தேதி லுக்ஸம்பர்க் நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று: திரும்பி வரும்போது மனைவியையோ கணவனையோ பிள்ளைகளையோ உடன் கொணர முடியாதெனில், ஒருவன் முதலிலேயே நாட்டைவிட்டு வேலைக்குப் போகத் தயங்குவான், ஆதலால் வேற்று நாட்டில் உழைத்துத் திரும்புவோனுடைய குடும்பத்திற்கு, அவ்வேற்று நாட்டில் கிடைக்கும் உரிமைக்குக் குறையாத உரிமை சொந்த நாட்டிலும் வேண்டும் என்பது அதன் சாரம்.

ஒரு பஞ்சாபியரின் வழக்கு இவ்வாறு ஐரோப்பியருக்கெல்லாம் ஒரு பாதையை வெட்டிற்று. ‘சுரீந்தர் சிங் வழி’ என்பது ஆங்கிலத்தில் சட்ட நூலில் மட்டுமன்றிச் சாதாரண மக்கள் வாயிலும் வழங்கும் பெயராயிற்று. 2012 ஜூலையில் பிரிட்டன், அயல்நாட்டு மனைவியையோ கணவனையோ அழைத்துக்கொள்ள விரும்பும் பிரஜைக்கு ஆண்டிற்கு 18,600 பவுன் வருமானம் வேண்டும் என்று விதித்தபோது, அவ்வருமானமில்லாத ஆங்கிலேயர் பலர் அயர்லாந்து முதலிய நாடுகளுக்குப் போய்ச் சிலகாலம் வேலை செய்து, பின்பு தம் துணைவரோடு இந்த வழியாகவே வீடு திரும்பினர். வெள்ளையர் தம் சொந்த நாட்டிற்குள் தம் மனைவியோடு நுழைவதற்கு ஓர் இந்தியர் வெட்டிய பாதையைத் தேடிப் போனார்கள்!

டென்மார்க்கிலும் இதையொத்த காட்சி உண்டு. 2002-ம் ஆண்டில் அந்நாடு, தம்பதிகள் இருவருக்கும் 24 வயது நிரம்பியிருக்க வேண்டும், இருவருடைய பற்றும் சேர்ந்து வேறெந்த நாட்டையும்விட டென்மார்க்கின்பால் மிகுந்திருக்க வேண்டும் என்று விதித்தது. பற்றை எந்தப் படியால் அளந்தனரோ! இளந்தம்பதிகள் பலர் கடற்பாலத்தைக் கடந்து சுவீடனின் மால்மோ நகரில் குடியேறினர். பகலில் டென்மார்க்கில் வேலை, இரவில் சுவீடனில் உறக்கம். 28 ஆண்டு டேனிஷ் பிரஜையாயிருந்தவருக்கு அப்பற்றுச் சோதனையிலிருந்து விலக்குக் கொடுத்தனர். பிறவிக் குடிமகனுக்கு அது எளிது; டோகோவில் பிறந்து பின்னர்க் குடியுரிமை பெற்ற ஒருவருக்கோ பாதி ஆயுள். அவர் தொடுத்த வழக்கில், இது இன வேற்றுமையே என்று ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் 2016 மே மாதத்தில் தீர்த்தது.

தவணை கடந்து தங்கியவருடைய கதை ஒன்றையும் கூறுவோம். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்மணியாகிய திருமதி கார்ப்பெண்டர் 1994-ம் ஆண்டில் ஆறுமாதப் பார்வையாளராகப் பிரிட்டன் வந்தார். தவணை முடிந்தும் திரும்பவில்லை. 1996-ல் ஒரு பிரிட்டிஷ் பிரஜையை மணந்தார். சர்க்கார் அவரை வெளியேற்றப் புகுந்தது. கணவரோ நாட்டைவிட்டுக் குடிபெயர்ந்தவரல்லர். எனவே பழைய பூட்டின்படி ஐரோப்பியச் சட்டம் துணைக்கு வராது. ஆனால் அவர் வைத்திய, விஞ்ஞான சஞ்சிகைகளில் விளம்பர இடம் விற்பவர். வாடிக்கைக்காரரிற் பலர் பிற ஐரோப்பிய நாடுகளில் இருந்தனர். அவர் பிரயாணம் போனால், முதல் தாரத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் இம்மனைவியே. மனைவியைத் துரத்தினால் கணவரின் தொழில் தடைப்படும்; குடும்ப வாழ்வும் சிதையும்; தவணை மீறியது குற்றமே எனினும் அதற்கு இது தகாத தண்டனை என்று 2002 ஜூலையில் நீதிமன்றம் கூறிற்று. அடுக்களையிலும் தொட்டிலருகிலும் பெண் செய்யும் வேலைக்குக் கூலியில்லை என்பர்; அவ்வேலையே இங்கு அவரைக் காத்தது. அதே மாதத்தில் வேறொரு தீர்ப்பு, அடையாளமும் விவாகமும் மெய்ப்பிக்கப்பட்டால், விசா இல்லை அல்லது முடிந்துபோயிற்று என்னும் ஒரே காரணத்திற்காக ஐரோப்பியப் பிரஜையின் துணைவரைத் திருப்பியனுப்பலாகாது என்றது.

நீதிமன்றமும் சறுக்காமலில்லை. 2003-ம் ஆண்டில், துணைவர் முன்னரே ஒரு கூட்டு நாட்டில் சட்டப்படி வசித்திருக்க வேண்டும் என்று கூறிப் பின்வாங்கிற்று. அதைப் பிடித்துக்கொண்டு அயர்லாந்து, அடைக்கலம் தேடிவந்து அங்கேயே ஐரோப்பியப் பிரஜைகளை மணந்த ஆப்பிரிக்கர் சிலரை மறுத்தது. காமரூன் தேசத்தவராகிய மெடோக் என்பவரும் மற்றும் மூன்று தம்பதிகளும் தொடுத்த வழக்கில், 2008 ஜூலை 25-ம் தேதி நீதிமன்றம் தன் பழைய சொல்லைத் தானே கைவிட்டது: எங்கே மணந்தனர், எப்போது வந்தனர், எவ்வாறு நுழைந்தனர் என்பன தடையாகா என்றது. டென்மார்க்கில் இதனாற் பெருங்கூச்சல் எழுந்தது.

இத்தீர்ப்புகளுக்கிடையே, 2004 ஏப்ரல் 29-ம் தேதி, சிதறிக்கிடந்த விதிகளை ஒன்றாகத் தொகுத்து 38-ம் எண் கட்டளையை ஐரோப்பிய ஒன்றியம் இயற்றியது. கூட்டு நாட்டுப் பிரஜை வேறொரு கூட்டு நாட்டிற்குப் போனால், முதல் மூன்று மாதம் அவனும் அவன் மனைவியும் பாஸ்போர்ட்டைத் தவிர வேறெந்த நிபந்தனையுமின்றித் தங்கலாம். மனைவிக்கு விசா வேண்டுமாயின் அதனைக் கட்டணமின்றி விரைந்து வழங்க வேண்டும். மற்றவருக்கோ 2024 ஜூனிலிருந்து 90 யூரோ கட்டணம். மூன்று மாதத்திற்கு மேல் என்றால், கணவனுக்கு வேலையோ, போதிய வருவாயும் நோய்க் காப்பீடுமோ இருத்தல் வேண்டும். மனைவி குடியிருப்பு அட்டைக்கு மனுச் செய்ய வேண்டும். ஆறு மாதத்திற்குள் அட்டை கொடுத்தாக வேண்டும். அட்டை ஐந்தாண்டு செல்லும். ஐந்தாண்டு தொடர்ந்து சட்டப்படி வாழ்ந்தபின் நிரந்தர வாசம். விவாகம் மூன்றாண்டு நீடித்து, அதில் ஓராண்டேனும் அந்நாட்டில் கழிந்திருந்தால், விவாகரத்தினாலும் உரிமை போகாது. வீட்டில் கொடுமைக்கு ஆளானவருக்கும் பாதுகாப்பு உண்டு. போலி விவாகத்திற்கு மட்டும் இடமில்லை. இவற்றில் எங்கும் ‘மறுநாளே குடியுரிமை’ என்னும் பேச்சில்லை என்பதைக் காப்பிக்கடை அன்பர்கள் கவனிப்பாராக.

இனி, அந்த 90 நாள். 1985 ஜூன் 14-ம் தேதி, லுக்ஸம்பர்க் நாட்டில் மோசல் நதிக்கரையிலுள்ள ஷெங்கன் என்னும் சிற்றூரருகே ஒரு படகில் அமர்ந்து, ஐந்து தேசங்கள் தம்மிடையே எல்லைக் காவலை எடுத்துவிட ஒப்புக்கொண்டன. 1995 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. இன்று அவ்வட்டத்தில் 29 நாடுகள். உள்ளே சுவரில்லை, ஆதலால் அயலார்க்குத் தவணையும் வட்டம் முழுமைக்கும் ஒன்றே. முதலில் அது ஆறு மாதத்தில் மூன்று மாதம் என்றிருந்தது. முதல் நுழைவிலிருந்து எண்ணினர். ஒருநாள் நுழைந்து மறுநாள் வெளியேறி, அவ்வரை ஆண்டின் கடைசி மூன்று மாதத்தில் மீண்டும் நுழைந்து, அடுத்த அரை ஆண்டின் முதல் மூன்று மாதத்தையும் அதனோடு ஒட்டிக்கொள்ளும் சாமர்த்தியசாலிகள் தோன்றினர். 2013 அக்டோபர் 18 முதல் அவ்வழி அடைபட்டது. தங்கியிருக்கும் ஒவ்வொரு நாளும் பின்னோக்கி 180 நாளைப் பார்க்க வேண்டும். அதில் 90-க்கு மேல் ஆகலாகாது. மலேசிய, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டு உடையோருக்கு இதற்கு விசா வேண்டுவதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டு உடையோருக்கு வேண்டும். நாள் கணக்கு இருவருக்கும் ஒன்றே.

இக்கணக்கு ஐரோப்பியனின் மனைவிக்கும் உண்டா? இவ்விடத்தில்தான் பலர் இடறுகின்றனர். கணவன் தன் சொந்த நாடல்லாத வேறு கூட்டு நாட்டிற்குப் போகும்போது அவனோடு கூடவோ அவனைச் சேரவோ போனால், ஒவ்வொரு நாட்டிலும் மூன்று மூன்று மாதமாகத் தொடர்ந்து தங்கும் உரிமை அவளுக்கு உண்டு. 180 நாள் கணக்கு அவளைத் தடுக்காது. கணவனின்றித் தனியே சுற்றுலாப் போனாலோ, அவள் மற்ற அயலாரைப்போல 90 நாளுக்குரியவளே. கணவனுடைய சொந்த நாட்டில் வாழ வேண்டுமாயின் ஒன்றியத்தின் கட்டளை பேசாது. அந்நாட்டு விசாவை வாங்க வேண்டும். ஜெர்மனி 2007 முதலும், ஹாலந்து 2006 முதலும், பல நாட்டுத் துணைவர்கள் புறப்படுமுன்னரே தங்கள் மொழியில் தேறிக் காட்ட வேண்டும் என்கின்றன.

இதில் நம்மினத்தாரை நேரே தொடும் இடம் புதுச்சேரி. 1962 ஆகஸ்டில் அவ்வூர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, அங்குள்ள தமிழருள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவருக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அங்ஙனம் வைத்துக்கொண்ட குடும்பத்துப் பிள்ளைகள் இன்று பிரெஞ்சுப் பிரஜைகள். அப்பிள்ளை ஒருவன் தமிழ்நாட்டுப் பெண்ணை மணந்து பிரான்சில் வாழ்ந்தால், அவளுக்குப் பிரெஞ்சு நாட்டின் நெடுங்கால விசா வேண்டும். மனைவி என்னும் முறையில் குடியுரிமை கேட்க, மணமாகி நான்காண்டாவது ஆதல் வேண்டும் என்பது 2006-ம் ஆண்டுச் சட்டம். அதே தம்பதிகள் வேலை நிமித்தம் பெல்ஜியத்தில் குடியேறினால், கட்டணமில்லா விசாவும் ஐந்தாண்டு அட்டையும் அவளுக்கு உரிமையாகின்றன. கணவன் ஒருவனே, மனைவி ஒருத்தியே. நடுவில் ஓர் எல்லைக் கோடு.

ருமேனியாவில் எழுந்த வழக்கொன்று மூன்று மாதம் என்னும் சொல்லின்மீதே நின்றது. ருமேனியரான கோமன் என்பவர் 2010-ம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரில் அமெரிக்கரான ஹாமில்டனை மணந்தார், இருவரும் ஆடவர். ருமேனியாவில் வாழக் கேட்டபோது, இத்தகைய மணத்தை நம் சட்டம் ஏற்காது. ஆதலால் அமெரிக்கர் மூன்று மாதத்திற்கு மேல் தங்க உரிமையில்லை என்று விடை வந்தது. 2018 ஜூன் 5-ம் தேதி, ‘துணைவர்’ என்னும் சொல் ஆண், பெண் என்னும் வேறுபாடு நோக்காதது. தங்கும் உரிமையைப் பொறுத்தமட்டில் ருமேனியா அதனை ஏற்றாக வேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்தது. இவ்வகை மணத்தைப்பற்றி நேயர்களுக்குள் பல கருத்து இருக்கலாம். ஒரு சர்க்கார் செய்துவைத்த விவாகத்தை எல்லையைத் தாண்டியவுடன் மற்றொரு சர்க்கார் அழித்துவிடலாமா என்பதே ஆங்கு எழுந்த வினா. அவ்வினாவிற்கு நாமும் அந்நீதிபதிகளின் விடையையே தருவோம்.

பிரிட்டன் 2020 ஜனவரி 31-ல் ஒன்றியத்தை விட்டு விலகிற்று. அவ்வாண்டு முடிந்ததோடு பழைய உரிமைகள் புதிதாக வருவோர்க்கு அற்றன. ஸ்பெயின் நாட்டுக் கடற்கரையில் வீடு வாங்கி விருப்பம்போல் போய்வந்த ஆங்கிலேயர் இப்போது 180 நாளைப் பின்னோக்கி எண்ணுகின்றனர். தன் நாட்டிலோ, துணைவரை அழைக்க வேண்டிய வருமானம் 2024 ஏப்ரலில் 29,000 பவுனாக உயர்ந்தது.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக விரல் ரேகையையும் முகத்தையும் பதியும் இயந்திரங்களைப் படிப்படியாக வைக்கத் தொடங்கினர். தங்கிய நாட்களை இனி அதுவே எண்ணும். ஐரோப்பியப் பிரஜையின் துணைவர் என்னும் குடியிருப்பு அட்டை உடையோர் அப்பதிவிற்குட்படார். அட்டை இன்னும் கைக்கு வராதவர்கள், கணவனுடைய பாஸ்போர்ட்டின் நகலையும் விவாகப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பையும் பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்திருப்பது நலம்.